பீஜப்பூர்: ஆதில் ஷாகிகளின் தலைநகரம்

வட கர்நாடகத்தில் இன்று விஜயபுரா என வழங்கும் பீஜப்பூர், பாமினி அரசு சிதறிய 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் யூசுப் ஆதில் ஷா நிறுவிய சுல்தானகத்தின் தலைநகராக உயர்ந்து, 1686இல் ஔரங்கசீப்பிடம் வீழும்வரை தக்காண அரசியலில் முதன்மை பெற்றிருந்தது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரத்தை வென்ற கூட்டணியில் இவ்வரசும் இடம்பெற்றது. அதன்பின் பெருகிய செல்வம் மதில்களாகவும் மசூதிகளாகவும் உருவெடுத்தது.

இங்குள்ள கட்டடங்களுள் தலையாயது, 1656இல் மறைந்த முகமது ஆதில் ஷாவின் கல்லறையான கோல் கும்பாஸ் ஆகும். ஏறத்தாழ 38 மீட்டர் உள்விட்டமுள்ள அதன் குவிமாடம் நடுவில் ஒரு தூணுமின்றி நிற்கிறது. சதுரக் கூடத்தின் சுவர்களிலிருந்து எழுந்து ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகள், மூலைகளை உள்நோக்கி நிரப்பி வட்டத்துக்கு இடமளித்து, அதன் பாரத்தையும் தாங்குகின்றன. குவிமாடத்தின் அடியில் உட்புறமாகச் சுற்றியோடும் மாடத்தில் ஒருவர் மெல்லப் பேசினாலும், வளைந்த சுவரில் ஒலி பட்டுத் தெறித்து எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும்.

இரண்டாம் இப்ராகிமின் கல்லறையும் மசூதியும் ஒரே மேடையில் எதிரெதிரே அமைந்த இப்ராகிம் ரௌசா, அளவில் சிறிதாயினும் கற்செதுக்கு வேலைப்பாட்டில் விஞ்சியது. கோட்டைக் கொத்தளத்தின்மீதுள்ள மாலிக்-இ-மைதான் என்னும் பீரங்கியின் வாய், யானையை விழுங்கும் சிங்கமுகமாக வார்க்கப்பட்டுள்ளது.

தமிழக வரலாற்றிலும் இந்நகருக்குப் பங்குண்டு: 1670களில் பீஜப்பூர் அரசின் படைத்தலைவராக வந்த ஏகோஜியே தஞ்சையில் மராத்தியர் ஆட்சிக்கு அடிகோலினார்.