சுமையும் சபையும்: பேராக் தமிழ்க் கிறிஸ்தவர்களின் இறைச்சார்பு குறித்து ஓர் ஆய்வு

வாழ்க்கைச் சிக்கல் தாங்கும் அளவைக் கடக்கும்போது விசுவாசி எதைப் பற்றிக்கொள்கிறார்? 'கடவுளை' என்று விடை சொல்வது எளிது. அந்தப் பற்றுதல் அன்றாட வாழ்வில் எப்படிச் செயல்படுகிறது என்பதே ஆய்வுக்குரியது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை இரு கருத்துகளை நிறுவ முயல்கிறது. இறைச்சார்பு மனிதரைச் செயலற்றவராக்கும் என்னும் குற்றச்சாட்டு இம்மாநிலத்தின் கொடிய சோதனைக் காலத்திலேயே பொய்த்துப்போயிற்று என்பது ஒன்று. தனிமனிதரின் மனவுறுதியாக மட்டும் சுருங்கிவிட்டால் அச்சார்பு போதாது, தாங்கிக்கொள்ளும் கூட்டம் இல்லாத இடத்தில் விசுவாசமே கூடுதல் சுமையாகிவிடக்கூடும் என்பது மற்றொன்று.

அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் தம் சக ஆய்வாளர்களுடன் 1988இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கடியைச் சமயத்தின் துணையோடு எதிர்கொள்வோரிடம் மூன்று போக்குகளைக் கண்டார். கடவுள் தந்த ஆற்றலைக் கொண்டு தானே தீர்வு தேடுவது முதற்போக்கு. அனைத்தையும் கடவுளிடம் விட்டுவிட்டுக் காத்திருப்பது இரண்டாவது. கடவுளைத் துணையாகக் கொண்டு தானும் செயலில் இறங்குவது மூன்றாவது. சமயம் உதவும் முறைகளோடு ஊறு செய்யும் முறைகளும் உண்டு என்பதை அவருடைய பிற்கால ஆய்வுகள் விளக்கின. துன்பத்தைக் கடவுள் விதித்த தண்டனையாகவே காண்பது அத்தகைய ஊறுகளில் ஒன்று.

மூன்றாம் போக்குக்கு ஈப்போவின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1899இல் பிறந்த யுரேசியப் பெண்ணான சிபில் கார்த்திகேசு, கத்தோலிக்க விசுவாசி, தாதியும் மருத்துவச்சியுமாவார். கணவர் டாக்டர் கார்த்திகேசு, தமிழர். இருவரும் ஈப்போ புரூஸ்டர் சாலையில் சிகிச்சையகம் நடத்திவந்தனர். ஜப்பானியப் படையெடுப்பின்போது குடும்பம் அருகிலுள்ள ஈயச் சுரங்க ஊரான பாப்பானுக்கு இடம் பெயர்ந்தது. அங்கே, ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் படையின் காயமுற்ற போராளிகளுக்குச் சிபில் மறைவாகச் சிகிச்சை அளித்தார். தடையை மீறி வீட்டில் வானொலியும் கேட்டார். 1943இல் கைதானார். ஜப்பானிய இராணுவக் காவல்துறையான கெம்பேத்தாயின் அதிகாரிகள் அவரைச் சித்திரவதை செய்ததோடு நில்லாமல், ஏழு வயது மகளை மரத்தில் தொங்கவிட்டுத் தீயிடப்போவதாக மிரட்டினர். அப்போதும் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. போர் முடிந்ததும் பத்து காஜா சிறையிலிருந்து விடுதலையானார். பிரித்தானிய அரசு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. ஆயினும் உடற்சிதைவிலிருந்து மீளாமல் 1948 ஜூன் 12 அன்று ஸ்காட்லாந்தில் இறந்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1954இல் நூலாக வெளிவந்தன. உடல் 1949இல் ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. கல்லறை தூய மைக்கேல் ஆலயத்தை அடுத்த கத்தோலிக்க இடுகாட்டில் உள்ளது.

இவ்வரலாற்றைச் 'செபித்தார், மீண்டார்' என்று சுருக்குவது தவறு. செபம் அவரைச் சித்திரவதையிலிருந்து காக்கவில்லை; நாற்பத்தெட்டு வயதிலேயே உயிர் போயிற்று. செபித்த கைகளே காயத்துக்குக் கட்டும் போட்டன. பார்கமென்ட் குறிப்பிடும் 'காத்திருப்போர்' வரிசையில் அவரைச் சேர்க்க இயலாது. அவரைத் தனிமனித வீராங்கனையாக மட்டும் காண்பதும் முழுமையாகாது. கணவரும் வளர்ப்பு மகனும் சேர்ந்தே ஆபத்தை ஏற்றனர். அவர்களும் சிறை சென்றனர். மகளை வைத்து அவரை உடைக்க முயன்ற அதிகாரிகளும் அவருடைய பலம் உறவில் இருப்பதை அறிந்தே இருந்தனர் எனலாம்.

கூட்டத்தின் பங்கைத் தெளிவாகக் காட்டுவது தோட்டப்புற வாழ்வு. பாகான் செராயில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மறைப்பணியாளர் ரெனே ஃபே தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியமர்த்தியபோது, ஆலயமும் குடியிருப்பும் ஒன்றாகவே வளர்ந்தன. ரப்பர் தோட்டங்களில் நிலைமை வேறு. இந்துக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கிறிஸ்தவர் சில குடும்பங்களே. குருவோ போதகரோ எப்போதாவது வருவார். மற்ற நாள்களில் உபதேசியாரோ மூத்தவர் ஒருவரோ மாலைச் செபத்தை நடத்துவார். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராதவர் யார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அடுத்த கதவில் இருப்பவர் அறிந்திருந்தார். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதைக்கு ஆண்களைப் பறிகொடுத்த லயங்களில் பிழைத்தோர் ஒருவரையொருவர் தாங்கியே காலத்தைக் கடந்தனர். இங்கே 'கடவுள் பார்த்துக்கொள்வார்' என்பதற்குப் பக்கத்து வீட்டின் ஒரு படி அரிசியும் பொருளாக இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் வந்தபோது இந்த அமைப்பு குலைந்தது. வேலை நின்றால் வீடும் போகும் என்பதே தோட்டத்தின் விதி. ஆகவே கூலி, கூரை, அண்டை வீட்டார், செபக்கூட்டம் ஆகிய நான்கையும் தொழிலாளி ஒரே சமயத்தில் இழந்தார். ஈப்போவின் புந்தோங்கிலோ சிலிபினிலோ மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தவரிடம் விசுவாசம் இருந்தது. ஆனால் அவர் வராததைக் கவனிக்க ஆள் இல்லை. கடன், ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரரின் மிரட்டல், குடி, நோய் ஆகியவை அந்தத் தனிமையில்தான் மலையாகின்றன. பார்கமென்ட்டின் மூன்று போக்குகளும் தனியொருவரையும் கடவுளையும் மையமாகக் கொண்டவை. பேராக் அனுபவம் அவற்றோடு மூன்றாம் தரப்பொன்றைச் சேர்க்கிறது: சபை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். நகரத்தில் ஆலயங்களுக்கும் உபவாச ஜெபங்களுக்கும் குறைவில்லையே என்பர். உண்மைதான். ஆனால் வெற்றிச் சாட்சிகள் மட்டுமே ஒலிக்கும் கூட்டத்தில், கடன் தீராதவரும் தூக்கம் வராதவரும் தம் விசுவாசமே குறைவு என்று முடிவுகட்டுகின்றனர். மேலே கண்ட ஊறுகளின் வகையைச் சேர்ந்ததே இது. விவிலியம் இதற்கு இடம் தரவில்லை. 88ஆம் சங்கீதம் நன்றிப்பாட்டாக மாறாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அது வழிபாட்டு நூலில் இடம் பெற்றிருக்கிறது. சாவைக் கேட்ட எலியாவுக்கு வானதூதர் கொண்டுவந்தது அப்பமும் தண்ணீரும்; கண்டிப்பு அல்ல. உண்டு உறங்கிய பிறகே அவர் பயணம் தொடர்கிறது.

மருத்துவத்தை நாடுவது விசுவாசக் குறைவு என்னும் எண்ணமும் இதே வகையினது. ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கிய மனநல மருத்துவமனையின் பெயர் இன்றும் ஏளனச் சொல்லாகப் புழங்குகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை நீக்கும் திருத்தத்தை மலேசிய நாடாளுமன்றம் 2023இல் நிறைவேற்றியது. சட்டம் கைவிட்ட பழியைப் பிரசங்க மேடை சுமத்திக்கொண்டிருக்கலாகாது.

தீபகற்ப மலேசியக் கத்தோலிக்கத் திருச்சபை 1976இல் பினாங்கில் நடத்திய குருக்கள் கூட்டத்துக்குப் பின், வீட்டளவிலான சிறு சமூகங்களை வலியுறுத்தத் தொடங்கியது. அன்பியம் என நாம் அறியும் அவ்வமைப்பு, தோட்டத்தில் இயல்பாக இருந்ததை நகரத்தில் மீட்கும் முயற்சி எனலாம். அது மாதமொரு செபமாலையோடு முடிந்துவிட்டால் பயனில்லை. புலம்பலைக் கேட்க, கடன்பட்டவரோடு கணக்குப் பார்க்க, நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச்செல்ல அது பழக வேண்டும். கத்தோலிக்கர், மெதடிஸ்டர், லுத்தரன், பெந்தெகொஸ்தே எனப் பிரிந்திருக்கும் பேராக் தமிழ்ச் சபைகள் எல்லாவற்றுக்கும் இக்கடமை பொது. கடவுளைச் சார்ந்திரு என்று அறிவுரை கூறும் சபை, தானும் சார்ந்துகொள்ளத் தக்கதாக இருந்தாக வேண்டும்.