அரசியல் பேசக்கூடாது

'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்று டீக்கடையிலும் சலூனிலும் பலகை தொங்கும். அடிதடி வரும், கண்ணாடி உடையும் என்பது கடைக்காரர் பயம். இதே பலகை அரசின் கையிலும் இருந்துவந்துள்ளது. அதன் வரலாறே இங்கு என் அக்கறை.

1950இல் சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் உள்ளே வரத் தடை போட்டது. உச்சநீதிமன்றம் தடையை உடைத்தது. மறுவருஷமே முதல் அரசியல் சட்டத் திருத்தம்: 'பொது ஒழுங்கு' என்ற சொல் 19(2)க்குள் நுழைந்தது.

பத்திரிகைக்கு ஆசிரியர் உண்டு, பிடித்து விசாரிக்கலாம். இணையத்தில் யார் வேணும்னாலும் எழுதலாமே, என்ன செய்வது? 2008 டிசம்பரில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய திருத்தம் 66ஏ பிரிவைக் கொண்டுவந்தது. 'எரிச்சல்', 'அசௌகரியம்' என்ற சொற்களுக்கு மூன்றாண்டுவரை சிறை. யாருடைய எரிச்சல்? 2012 அக்டோபரில் மத்திய அமைச்சரின் மகனைப் பற்றிய ட்விட்டர் பதிவுக்காகப் புதுச்சேரியில் ஒருவர் கைதானார். புகார் கொடுத்தவர் அந்த மகன். நவம்பரில், பால் தாக்கரே மறைவுக்கு ஊரை அடைப்பதேன் என்று எழுதிய பால்கர் பெண்ணோடு, அதற்கு 'லைக்' போட்ட தோழியும் கைது. தலையாட்டினதும் குற்றமாச்சு.

2015 மார்ச் 24இல் உச்சநீதிமன்றம் 66ஏவை ரத்து செய்தது. அப்புறமும் காவல்நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டன. நிறுத்தச்சொல்லி 2022இல் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் செத்தாலும் பழக்கம் சாகவில்லை.

ஒன்றை மறக்கலாகாது. தனிக்குவளை வைத்த டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர் யார், வெளியே நின்று கேட்டவர் யார்? நின்றவருக்கும் இன்று பேச ஓர் இடம் கிடைத்திருக்கிறது. பலகை யாருக்காக மாட்டப்படுகிறது என்பதை இங்கிருந்துதான் வாசிக்க வேண்டும்.