பத்திரிகை நின்றது, சைக்கிள் நிற்கவில்லை

கவென்ட்ரி நகரில் 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ரோவர் சைக்கிளைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். கிட்டத்தட்ட ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888ல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்துசேர்ந்தது. அந்த வண்டியை வைத்துக்கொண்டு உழைக்கும் மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் இந்த வாரச் சேதி. கவென்ட்ரிக்குப் பக்கத்துத் தொழில் நகரமான பர்மிங்ஹாமில், 1894 பிப்ரவரியில், ஆறேழு இளைஞர்கள் கூடி ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கினார்கள். டாம் க்ரூம் என்பவர் அவர்களில் முக்கியமானவர். முதலில் சோஷலிஸ்டுகளின் சைக்கிள் கிளப் என்று பெயர் வைத்தார்கள். சில நாட்களிலேயே அதை மாற்றி, தாங்கள் வாரம் தவறாமல் படித்த ‘கிளாரியன்’ பத்திரிகையின் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள். எக்காளம் என்று பொருள். அந்த ஆண்டே ஸ்டோக் வட்டாரம், லிவர்பூல், பிராட்ஃபோர்டு, பார்ன்ஸ்லி என்று கிளைகள் முளைத்தன. 1895 ஈஸ்டர் விடுமுறையில் டெர்பிஷயரின் ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் எல்லோரும் சைக்கிளில் வந்து கூடித் தேசிய அமைப்பாக ஒன்றுபட்டார்கள்.

இந்தக் கதையைப் பொதுவாகப் பத்திரிகையின் பக்கத்திலிருந்துதான் சொல்வார்கள். 1891ல் மான்செஸ்டரில் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டும் நண்பர்களும் கிளாரியனைத் தொடங்கினார்கள். அவருடைய ‘மெர்ரி இங்கிலாந்து’ என்ற நூல் ஒரு பென்னி விலையில் லட்சக்கணக்கில் விற்றது. அந்த எழுத்தில் மயங்கிய வாசகர்கள் சங்கம் அமைத்தார்கள், அவ்வளவுதான் என்பார்கள். தொடக்கம் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் சங்கத்தை வாழவைத்தது பத்திரிகை என்று சொன்னால் ஆண்டுகளே அதற்கு ஒத்துவரவில்லை. 1899ல் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டபோது பிளாட்ச்ஃபோர்டு பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்றார். 1914ல் முதல் உலகப் போரிலும் அதே நிலைதான். சோஷலிச வாசகர்களில் பலர் மனம் வெறுத்து விலகினார்கள். பின்னாளில் அவர் பழமைவாதக் கட்சிப் பக்கமே சாய்ந்தார். 1931ல் கிளாரியன் நின்றுபோனது. சங்கம் என்ன ஆயிற்று? 1936ல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை 8,000ஐத் தாண்டியிருந்தது; அதற்கு முன்னும் பின்னும் அந்த உயரத்தை அது தொட்டதில்லை. வேர் பட்டுப்போய் ஐந்து ஆண்டு கழித்து மரம் பூத்துக் குலுங்குமா? அப்படியானால் வேர் வேறெங்கோ இருந்திருக்கிறது. அது சேர்ந்து சைக்கிள் மிதிப்பதிலேயே இருந்தது என்பது என் கட்சி.

சனிக்கிழமை அரைநாள் வேலை. சங்கு ஊதியதும் ஆலைப் புகையை விட்டு வெளியே வந்து, பத்து இருபது பேராகக் கிராமச் சாலையில் இறங்கினால் ஞாயிறு இரவுதான் திரும்புவார்கள். எதிரே இன்னொரு கிளைக்காரர் வந்தால் ‘பூட்ஸ்!’ என்று குரல் கொடுப்பார்கள், அவர் ‘ஸ்பர்ஸ்!’ என்று பதில் குரல் கொடுப்பார். காலணியும் அதில் மாட்டும் குதிமுள்ளும். முன்பின் தெரியாத இருவர் ஓடும் வண்டியிலேயே உறவாகிவிட இந்த இரண்டு சொல் போதும். பையில் மாற்றுத்துணியோடு துண்டுப்பிரசுரக் கட்டும் இருக்கும். போகிற வழியில் வேலிக் கதவுகளில் ஒட்டுவார்கள், ஊர்ப் பொதுவெளியில் வண்டியைச் சாய்த்துவிட்டு ஒருவர் பேசுவார். பத்திரிகையும் புத்தகமும் எட்டாத குக்கிராமத்துக்கு சோஷலிசக் கருத்துகள் போய்ச் சேர்ந்தது சைக்கிளில்தான். 1897ல் செஷயரின் பக்லோ ஹில்லில், வருகிறவர்கள் தங்கவும் சாப்பிடவும் சொந்த விடுதி ஒன்றும் வந்தது. பெண்களும் ஆண்களோடு சேர்ந்தே போனார்கள். பின்னாளில் பெண் வாக்குரிமைப் போராட்டத்தில் பெயர் பெற்ற கிறிஸ்டபெல், சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் சகோதரிகள் 1890களில் மான்செஸ்டர் கிளாரியன் குழுவில் மிதித்தவர்கள். அக்காவுக்கு நல்ல கம்பெனி வண்டி. தங்கையினுடையதோ, தோழர் ஒருவர் கேஸ் குழாய்களைக் கொண்டு ஒட்டிச் செய்துகொடுத்த கனத்த வண்டி. மேடு வந்தால் அக்கா முன்னே போய்விடுவார், தங்கை மூச்சுவாங்கப் பின்னால் வருவார்.

அந்தக் கேஸ் குழாய் வண்டியே முதல் ஆட்சேபத்தை எழுப்புகிறது. சில்வியா போன்ற வழக்கறிஞர் வீட்டுப் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால் கூலித் தொழிலாளி எப்படிச் சேர்ந்திருப்பான்? நியாயமான கேள்வி. 1890களின் நடுவில் புது சைக்கிள் ஒன்று பல வாரக் கூலியை விழுங்கும். தொடக்கத்தில் சேர்ந்தவர்களில் குமாஸ்தாக்களும் கைத்தொழிலில் தேர்ந்தவர்களும் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 1897க்குப் பிறகு சைக்கிள் சந்தை சரிந்து விலை இறங்கியது; பழைய வண்டிகளும் தவணை முறையும் வந்தன. கதவு மெல்லத்தான் திறந்தது, ஆனால் திறந்தது. 1930களில் பிரிட்டன் முழுக்க சைக்கிள் மோகம் அடித்தது, அந்த அலையில் கிளாரியனும் ஏறியது, இதில் என்ன அதிசயம் என்பது அடுத்த வாதம். இது வலுவானது. ஆனாலும் சுற்றிப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் 1878லிருந்தே ஒரு பெரிய சைக்கிள் பயணிகள் சங்கம் இருந்தது; அரசியல் நிறம் இல்லாதது, வசதிகள் கூடுதல். அதை விட்டு இங்கே வந்த ஆயிரக்கணக்கானோர் வேறு எதையோ தேடி வந்திருக்கிறார்கள்.

கிளாரியன்காரர்களின் பயணம் வெறும் உல்லாசம்தான், அரசியல் என்பது சட்டையில் குத்திய பேட்ஜ் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள். பிரசங்கம் முக்கியமா, பயணம் முக்கியமா என்ற சண்டை தொடக்க ஆண்டுகளிலேயே சங்கத்துக்குள் நடந்தது. எனக்கு அந்தக் கேள்வியே தவறாகப் படுகிறது. ஸ்பெயினில் 1936ல் உள்நாட்டுப் போர் மூண்டபோது கிளாரியன் உறுப்பினர்கள் சிலர் குடியரசுப் படையோடு சேர்ந்து போரிடப் போய் அங்கேயே உயிர்விட்டார்கள். 1938ல் ஜெஃப்ரி ஜாக்சன், டெட் வார்டு என்ற இரு தோழர்கள் கிளாஸ்கோவிலிருந்து பார்சிலோனா வரை சைக்கிள் மிதித்து, பசியில் கிடந்த ஸ்பானிய மக்களுக்காக நிதி திரட்டினார்கள். வாரந்தோறும் ஒருவர் பின் ஒருவராகக் காற்றைக் கிழித்துப் பழகிய கால்களால்தான் ஸ்காட்லாந்திலிருந்து மத்தியதரைக் கடல்வரை போக முடியும். உல்லாசம் என்று ஒதுக்கப்பட்ட ஞாயிறுகள் அங்கே கணக்குக்கு வந்தன.

பழைய சண்டை இன்னும் ஓயவில்லை. 2021ல் சங்கம் தன் விதிகளிலிருந்து சோஷலிசம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, நியாயம், சமத்துவம் போன்ற சொற்களை வைத்தது. மனம் ஒப்பாதவர்கள் பிரிந்து போய் தேசிய அமைப்பாக ஒன்றுபட்ட ஆண்டான 1895ஐத் தங்கள் அமைப்பின் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். பிரிந்தவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஒரு சொல்லை நீக்கினால் அதைச் சொல்லி மாண்டவர்களின் நினைவும் சேர்ந்து மங்கும். ஆனால் என் வாதத்தின்படி பார்த்தால், இரண்டு தரப்பும் தொடர்ந்து ஒன்றாக மிதிக்கிறார்களா என்பதையே நான் முதலில் கேட்பேன். லங்காஷயரில் நெல்சன் ஊரை அடுத்த ரஃப்லீயில், 1912ல் நெசவாளர் சங்கத்தின் கடனில் எழுந்த கிளாரியன் இல்லம் ஒன்று இன்றும் ஞாயிறுதோறும் திறந்திருக்கிறது. பெரிய குவளைகளில் தேநீர் கொடுக்கிறார்கள். சைக்கிளைச் சாய்த்துவிட்டு வருகிறவர்களும், மலைச்சரிவில் நடந்து வருகிறவர்களும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்து அதைக் குடிக்கிறார்கள்.