பழைய டிடெக்டரும் பழகிய காதும்



"உன் தொழில் சம்பந்தமா ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். என் தொழில், சென்னீர்குப்பத்தில் ஒரு சின்னப் பட்டறையில் மெட்டல் டிடெக்டர் பழுது பார்ப்பது. கோயில் வாசலிலும் கம்பெனி கேட்டிலும் நிற்கும் கதவுச் சட்ட டிடெக்டர், செக்யூரிட்டி கையில் இருக்கும் குச்சி டிடெக்டர், மசாலா கம்பெனி கன்வேயர் பெல்ட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெட்டி டிடெக்டர், எல்லாம் எங்களிடம் வரும். பத்து வருஷமாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். புது மாடல் வாங்கியவர்கள்கூட பழையதை எடைக்குப் போட மனசில்லாமல், "இதையும் ஒரு தடவை பார்த்துக் கொடுத்துடுங்க சார்" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பழசு மேல் உள்ள வெறும் பாசம்தானா இது? அதற்கு விடை தேடினால் 140 வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரம் கிடைக்கிறது.

1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். உடம்புக்குள் தங்கிவிட்ட குண்டு எங்கே இருக்கிறது என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரே வராத காலம். டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், இரண்டு கம்பிச் சுருள்களையும் ஒரு டெலிபோன் காதுக்கருவியையும் வைத்து ஒரு கருவி செய்துகொண்டு போனார். பக்கத்தில் உலோகம் இருந்தால் சுருள்களுக்கு இடையே உள்ள சமநிலை கெட்டு, காதில் ஒலி கேட்கும். ஆனால் குண்டு கிடைக்கவில்லை. கட்டில் மெத்தையில் இருந்த இரும்புக் கம்பிகள் குழப்பியதும், உடம்பின் ஒரு பக்கத்தை மட்டுமே சோதிக்க டாக்டர் விட்டதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. செப்டம்பரில் அதிபர் இறந்துபோனார். கருவி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உலோகம் இருந்தது, ஒலித்தது. எந்த உலோகம் என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் மனிதர்கள்தான்.

அடுத்து வந்தவர் கெர்ஹார்ட் ஃபிஷர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த இன்ஜினியர். விமானங்களுக்கான ரேடியோ திசைகாட்டியில் வேலை செய்தபோது, பக்கத்தில் உலோகம் உள்ள இடங்களில் கருவி தப்புக் காட்டுவதைக் கவனித்தார். நம்மில் பலர் 'எரர்' என்று தள்ளியிருப்போம். அவர் அந்தத் தப்பையே தொழிலாக்கினார்! 1931-ல் கலிபோர்னியாவில் கம்பெனி தொடங்கினார், 1937-ல் காப்புரிமை பெற்றார்.

பிறகு இரண்டாம் உலகப் போர். ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி 1941-ல் கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைத்தார். ஒரு சுருளுக்கு ஆசிலேட்டர், இன்னொரு சுருளுக்கு ஆம்ப்ளிஃபயர், காதில் ஹெட்போன். அவ்வளவுதான். எடை 14 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. காப்புரிமை கேட்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டார். 1942 அக்டோபரில் எகிப்தின் எல் அலமைன் போர்க்களத்துக்கு 500 கருவிகள் போயின. மணிக்கு 100 சதுர மீட்டர் என்று நகர்ந்த கண்ணிவெடி அகற்றும் வேலை 200 சதுர மீட்டராக உயர்ந்தது. அந்த வடிவத்தின் வழிவந்த கருவிகள் 1995 வரைக்கும் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தன. அரை நூற்றாண்டு! நம் செல்போன் எத்தனை வருஷம் தாங்குகிறது?

இந்தச் சரித்திரத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவரும் இருக்கிறார். எங்கள் பட்டறையிலிருந்து அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரத்துக்குப் பிரியும் சாலை வரும். காஞ்சிபுரம் பக்கத்துக் கீழ் ஒட்டிவாக்கம் கிராமத்தில் பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவுக்காரர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில், கண்ணிவெடி நிலத்தில் ஒரு குழுவோடு வேலையில் இருந்தார். ஒருவர் கால் பட்டு ஒரு வெடி இயங்கிவிட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருக்கின்றன என்று புரிந்ததும், அதன் மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கொடுத்தார்கள். டிடெக்டரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். கருவி எவ்வளவுதான் நல்லதாக இருந்தாலும் அந்த நிலத்தில் கால் வைத்தவர்கள் மனிதர்கள்தானே.

போர் முடிந்ததும் ராணுவத்தில் மிச்சமான கருவிகள் ஏலத்துக்கு வந்தன. மேல்நாட்டில் அவற்றை வாங்கி, பழைய நாணயம் தேடுவதைப் பொழுதுபோக்காக ஆக்கிக்கொண்டார்கள். நம்ம நாட்டில் அந்தப் பொழுதுபோக்கு வளரவில்லை. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். நம் கோயில் சிலைகளும் செப்பேடுகளும் காப்பாற்றப்பட வேண்டுமென்றால் அந்தக் கட்டுப்பாடு தேவைதான்.

அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரு வகையை நாம் லேபில் செய்திருக்கிறோம். 'பீட்' வகை. இரண்டு ஆசிலேட்டர்கள், இரண்டின் அதிர்வெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் காதில் கேட்கும். தம்புராவில் சுருதி முழுசாகச் சேராத இரண்டு தந்திகளை மீட்டினால் ஒரு அலை அடிக்குமே, அதே சங்கதி. தேடும் சுருளுக்குப் பக்கத்தில் இரும்பு வந்தால் சுருதி ஒரு பக்கம் நகரும், செம்போ பித்தளையோ வந்தால் மறுபக்கம் நகரும். ரிச்சி தெருவில் நாலு டிரான்சிஸ்டரும் எனாமல் கம்பியும் வாங்கினால் போதும்.

1970-களில் 'இது இரும்பு, இது வேறு' என்று பிரித்துச் சொல்லும் கருவிகள் வந்தன. பிறகு மைக்ரோபுராசசர், திரை, நம்பர். இப்போது ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் வேலை செய்யும் கருவிகள். இதில் உண்மையான முன்னேற்றம் இருக்கிறது, மறுக்கவே முடியாது. உப்பு ஈரம் உள்ள கடற்கரை மணலில் பழைய கருவி கத்திக்கொண்டே இருக்கும், புதுசு அமைதியாகத் தேடும். எடை குறைவு, பேட்டரிச் செலவும் குறைவு.

அப்படியிருந்தும் ஒரு விநோதம் பாருங்கள். அமெரிக்காவில் 1980-ல் தொடங்கிய டெசோரோ என்ற கம்பெனி, திரையே இல்லாமல், இரண்டு மூன்று திருகு மட்டும் உள்ள டிடெக்டர்களைச் செய்தது. 2018-ல் மூடிவிட்டார்கள். 1950-ல் தொடங்கிய ஒயிட்ஸ் கம்பெனியும் 2020-ல் மூடியது. ஆனாலும் அந்தக் கருவிகளைப் பழைய சாமானாகத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் 'சுருளை நகர்த்தியதும் காதில் கேட்கிறது' என்பார்கள். புதுக் கருவி கணக்குப் போட்டு முடித்துத் தீர்ப்பு சொல்கிறது. தங்க மோதிரமும் அலுமினியத் துண்டும் ஒரே நம்பர் காட்டும்போது அந்தத் தீர்ப்பு என்ன பிரயோஜனம்? பழைய கருவி சாட்சி மட்டும் சொல்லும், தீர்ப்பு நம்முடையது.

ஈழத்து வன்னி மண்ணில் இந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது. 2009-ல் போர் முடிந்த பிறகு அங்கே கண்ணிவெடி அகற்றும் வேலையில் நூற்றுக்கணக்கான தமிழர்கள், பெண்களும் சேர்த்து, ஈடுபட்டார்கள். அங்கே புதைந்தவற்றில் பல, உலோகமே மிகக் கொஞ்சமாக உள்ள பிளாஸ்டிக் வெடிகள். மண்ணிலோ எங்கு பார்த்தாலும் குண்டுச் சிதறல்கள். கருவி எதற்குக் கத்தினாலும், 'இது ஆணியாக இருக்கும்' என்று தள்ளிவிட்டுப் போக அங்கே யாருக்கும் உரிமை கிடையாது. ஒவ்வொரு ஒலியையும் மண்டியிட்டுத் தோண்டிப் பார்க்க வேண்டும். அதனால் பல இடங்களில் டிடெக்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, நீண்ட பற்கள் உள்ள வாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வாரி எடுத்தார்கள். ஆளைக் காப்பாற்றுவது எதுவோ அதுதான் அங்கே நல்ல கருவி. அது புதுசா பழசா என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடி நம்ம நெடுஞ்சாலைக்கு வருவோம். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கு பூந்தமல்லி தனிக் கோர்ட்டில் நடந்து 1998 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் பொதுக்கூட்ட வாசல்களில் கதவுச் சட்ட டிடெக்டர் சாதாரணக் காட்சியாகிவிட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மால், சினிமா தியேட்டர் என்று எங்கும் நிற்கிறது. ஆறு மண்டலம், பதினெட்டு மண்டலம், முப்பத்து மூன்று மண்டலம் என்று விளக்குகள் எரிகின்றன. எரியும்போது யார் பார்க்கிறார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள். சாவி, செல்போன், பெல்ட் எல்லாவற்றோடும் நடக்கிறோம்; அது கத்துகிறது; செக்யூரிட்டி கையை ஆட்டி 'போங்க' என்கிறார்.

இந்தப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் வயதான செக்யூரிட்டி ஒருவர் பழைய குச்சி டிடெக்டரை விடவே மாட்டேன் என்றார். காரணம் கேட்டேன். "தம்பி, புதுசு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கத்துது. இது பெல்ட்டுக்கு ஒரு மாதிரி முனகும், செம்புக் கம்பிக்கு வேற மாதிரி முனகும். முகத்தப் பாக்காமலே சொல்லிடுவேன்" என்றார். படிப்பு எட்டாவது. ஆனால் பீட் ஆசிலேட்டர் தத்துவத்தை அவர் காது படித்திருந்தது.

பழைய கருவிக்கு இன்னொரு பலம், திறந்து பார்க்க முடியும் என்பது. மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு ரெசிஸ்டரும் கண்ணுக்குத் தெரியும். மீட்டரை வைத்து எங்கே சிக்னல் நின்றது என்று பிடித்துவிடலாம். முப்பது ரூபாய் ஐ.சி. மாற்றினால் மறுநாள் வேலைக்குப் போய்விடும். புதுசில் போர்டு முழுக்கப் பிசின் ஊற்றி மூடியிருக்கும். 'முழு போர்டையும் மாற்றுங்கள்' என்பதுதான் வழி. புது போர்டு வரும்வரை கேட்டில் டிடெக்டர் பெயருக்கு நிற்கும்.

ஆகவே இளைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுசு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் செய்யப்போகிறவர்களே நீங்கள்தான். ஆனால் பிராஜெக்டுக்கு ரெடிமேட் மாட்யூல் வாங்கி ஒட்டுவதற்கு முன்னால், கையால் ஒரு சுருள் சுற்றி, ஒரு பழைய சர்க்யூட்டைப் போட்டு, ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். இரும்புக்கும் செம்புக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு தடவை உங்கள் காதே கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்தத் திரை எந்த நம்பர் காட்டினாலும் அது சரியா என்று கேட்கும் தைரியம் உங்களுக்கு வரும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கம்பெனி ஸ்டோரில் கழித்துப் போடும் பட்டியலில் பழைய டிடெக்டர் இருந்தால், முறைப்படி எழுதி வாங்கி நம் கல்லூரி லேபுக்குக் கொடுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை. ஓட வைப்பதுதானே பாடம்! சனிக்கிழமைகளில் வந்து மாணவர்களோடு உட்கார்ந்து சரி செய்ய நான் தயார்.

அன்புடன்,
பழைய மாணவன்
இ.சி.இ., 2007–2011