கனடாவில் செர்ரிப் பழக் காலம்

கனடாவில் செர்ரிக் காலம் குறுகியது. ஒன்ராறியோவின் நயாகராப் பகுதியில் யூன் கடைசியில் தொடங்கி, யூலையோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒக்கனாகன் பள்ளத்தாக்குப் பழங்கள் ஓகஸ்ட்டிலும் வரும்.

மாம்பழம்போல இதை வாங்கிவைத்துப் பழுக்கவைக்க முடியாது. பறித்தபின் செர்ரி இனிப்பேறாது. ஆகவே காம்பு பச்சையாகவும், தோல் பளபளப்பாகவும், பழம் இறுக்கமாகவும் இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பிங் வகையில் கடுஞ்சிவப்பே இனிப்பு. மஞ்சள் கலந்த ரெய்னியருக்கு இது பொருந்தாது.

காம்போடு, கழுவாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். உண்ணும்போது கழுவினால் போதும்.

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மம்மா, அப்பப்பாமார் கவனிக்க: சிறு குழந்தைகளுக்கு முழுப் பழம் கொடுக்க வேண்டாம். தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறும். கொட்டையை எடுத்து, நான்காக வெட்டிக் கொடுங்கள்.