சுவரொட்டி

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் ‘கம்பெனிக்கு ஆட்கள் தேவை’ என்று அறிவிக்கும் தாள்கள் மின்கம்பங்களிலும் நிழற்குடைத் தூண்களிலும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. தொழிற்சாலை மதில்களுக்குக் காவல் உண்டு ஆதலால், அவற்றுட் பல எந்தச் சுவரையும் தீண்டியதில்லை. ஆயினும் சுவரொட்டி என்னும் பெயரை அவற்றுக்கு எவரும் மறுத்ததில்லை.

கம்பத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆங்கிலேயர் ‘போஸ்டர்’ என்றனர். பிரெஞ்சுக்காரரின் ‘அஃபீஷ்’ பொருத்தி நிறுத்துதல் என்னும் வினையிற் பிறந்தது. தமிழோ இடத்தையும் செயலையும் ஒருங்கே பெயராக்கியது. இறைச்சிக் கடைகளில் ஆட்டின் மண்ணீரலுக்கும் இதுவே பெயர் என்பதை நோக்கினால், ஒன்றைப் பற்றிக்கொண்டு நிற்பது என்ற கருத்தே அங்கும் தொழிற்பட்டிருத்தல் கூடும்.

இம்மூன்று பெயர்களிலும் இடம்பெறாதது, அப்பொருளை வளர்த்தெடுத்த கல். 1796-ஆம் ஆண்டையொட்டிப் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்ட முறை மிக எளியது: வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு மையால் வரைந்து நீர் தடவினால், வரையாத இடம் நீரை ஏற்று அச்சுமையை விலக்கும், வரைந்த இடமோ நீரை விலக்கி மையை ஏற்கும். செதுக்க வேண்டுவதில்லை, ஓவியன் கைநடுக்கமும் அப்படியே தாளில் இறங்கும். வர்ணத்துக்கு ஒரு கல்லாக வைத்து, 1866 முதல் பாரிஸில் ழூல் ஷெரே பெருந்தாள்களை அச்சிட்டார். 1881 ஜூலை 29-ஆம் நாட் சட்டம் ஒட்டும் உரிமையை விரிவாக்கியது. ஒட்டலாகாத சுவர்களில் அச்சட்டத்தின் தேதியே எச்சரிக்கையாக எழுதப்பட்டது. 1891-இல் துலூஸ் லோத்ரெக் மூலான் ரூஜ் என்னும் ஆடலரங்குக்குத் தீட்டிய சித்திரம் வீதிக்கு வந்தபின், ரசிகர்கள் அத்தகைய தாள்களைச் சுவரிலிருந்து உரித்தெடுத்துப் போகலாயினர். அந்த மோகமே அவற்றைக் காப்பாற்றியது.

இங்கே நிகழ்ந்தது வேறு. 1894-இல் பம்பாயில் ரவிவர்மா நிறுவிய அச்சகத்தின் தெய்வத் திருவுருவங்கள் கண்ணாடிச் சட்டத்துள் புகுந்து பூஜையறைகளில் பிழைத்தன. சிவகாசி லித்தோ அச்சகங்கள் தீப்பெட்டிக்கும் நாட்காட்டிக்கும் சினிமாவுக்கும் அளித்த வர்ணக் களஞ்சியத்தில், சுவருக்குப் போன பகுதியை மழை கரைத்தது. மைதாப் பசையின் ருசிக்காக மாடுகள் தின்றன. பசையில் மயில்துத்தம் கலந்தும் பயன் சிறிதே. பிளக்ஸ் பலகை வந்தபின் ஒட்டும் தொழிலே சுருங்கிவிட்டது.

நாள் கடந்த தாள் குப்பை என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியிருப்பதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன். பழைய அச்சகக் குடும்பத்தாரிடமோ திரையரங்கு உடையவரிடமோ ஒட்டாமல் எஞ்சிய கட்டு ஏதேனும் பரணில் இருக்குமாயின், பழைய தாளுக்கு எடைபோட்டு விடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற ஓரிடத்தில் ஒப்படைக்க வேண்டுகிறேன்.