அசெக்லோஃபெனாக்கும் மாட்டின் ரத்தமும்: தடைக்குப் பிந்தைய டைக்ளோஃபெனாக் எச்சங்கள் குறித்து ஒரு மறுவாசிப்பு

சடலம் தின்னும் பாறு கழுகுகளுக்கு நஞ்சாவதால், வலிநிவாரணியான டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பதை இந்தியா 2006இல் தடை செய்தது. அதன் பிறகும் மாட்டுச் சடலங்களின் ஈரலில் அம்மருந்து தென்பட்டது. மனிதர்களுக்கான ஊசிமருந்து சட்டத்தை மீறி மாடுகளுக்குப் போடப்பட்டதே காரணம் என்பது நிலைபெற்ற விளக்கம். தடையின் பலனை அளந்து ரிச்சர்ட் கத்பர்ட் குழுவினர் 2011இல் ‘பிளாஸ் ஒன்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இவ்வாசிப்புக்கு வலுவூட்டியது. எச்சம் குறைந்தது என்ற அவர்களது முடிவை நான் மறுக்கவில்லை. மீந்த எச்சம் முழுவதையும் தடைமீறலின் கணக்கில் எழுதுவதைத்தான் மறுக்கிறேன்.

ஈரல் ஆய்வு சொல்வது ஒன்றே: சாகும்போது விலங்கின் உடலில் டைக்ளோஃபெனாக் இருந்தது. 2004–05இல் மார்க் டாகர்ட் குழுவினர் 1848 மாதிரிகளைத் திரவ குரோமட்டோகிராபியுடன் இணைந்த நிறை நிறமாலைமானியில் சோதித்தபோது 10.1 விழுக்காட்டில் அது இருந்தது. தடைக்கு முந்தைய அந்த எண்ணை நேரடிப் பயன்பாட்டின் அளவாகக் கொள்வதில் பெரிய தடையில்லை. தடைக்குப் பிந்தைய எண்களை அப்படிக் கொள்ள முடியாது. மாற்று வலிநிவாரணிகள் சந்தையில் இருந்தன. அவற்றுள் அசெக்லோஃபெனாக் டைக்ளோஃபெனாக்கின் கிளைக்காலிக் அமில எஸ்டர். அது கால்நடையின் உடலில் டைக்ளோஃபெனாக்காக மாறக்கூடும் என்ற ஆபத்தைப் பிரதீப் சர்மா 2012இலேயே சுட்டிக்காட்டினார்.

டோபி காலிகன் குழுவினர் 2016இல் வெளியிட்ட மாட்டு ஆய்வு இங்கே நின்று படிக்க வேண்டியது. சிகிச்சை அளவில் அசெக்லோஃபெனாக் பெற்ற மாடுகளின் ரத்தப் பிளாஸ்மாவில் இரு சேர்மங்களையும் அவர்கள் அளந்தார்கள். ஊசி போட்ட சிறிது நேரத்திலேயே ஏறக்குறைய மருந்து முழுவதும் டைக்ளோஃபெனாக்காக மாறிவிட்டது. மனித உடலில் முதன்மையான வளர்சிதைப் பொருள் 4-ஹைட்ராக்சி அசெக்லோஃபெனாக். டைக்ளோஃபெனாக் சிறு பங்கே. மனிதத் தரவைக் கொண்டு மாட்டை மதிப்பிட்டவர்களுக்கு ஆபத்து தெரிந்திருக்க வழியில்லை.

அளவீட்டிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்மின் அயனி முறையில் அசெக்லோஃபெனாக் 352 என்ற நிறை எண்ணிலும் டைக்ளோஃபெனாக் 294 என்ற எண்ணிலும் வரும். எஸ்டர் பிணைப்பு எளிதில் உடையக்கூடியது என்பதால் கருவிக்குள்ளேயே 352இன் ஒரு பகுதி சிதைந்து 294 தோன்றலாம். அப்படித் தோன்றியது குரோமட்டோகிராபிக் குழாயிலிருந்து அசெக்லோஃபெனாக் வெளிவரும் நேரத்திலேயே பதிவாகும். மாட்டின் உடலில் உருவானதோ தனக்குரிய நேரத்தில் தனி முகடாக எழும். குழாயில் முன்கூட்டியே பிரித்தபின் அளப்பதால்தான் உடல் செய்த மாற்றத்தையும் கருவி செய்த மாற்றத்தையும் வேறுபடுத்த முடிகிறது.

இதிலிருந்து நான் பெறும் முடிவு, சான்று மெலிந்த இடத்தில்தான் அழுத்தம் பெறுகிறது. தாய்மருந்து இவ்வளவு விரைவில் மறைகிறதென்றால், சடலத்தின் ஈரலில் அசெக்லோஃபெனாக் இல்லாதது அது கொடுக்கப்படவில்லை என்பதற்குச் சான்றாகாது. ‘டைக்ளோஃபெனாக் மட்டும் உள்ள ஈரல்’ இரு வழிகளிலும் உருவாகும். மனித ஊசிமருந்து கால்நடைகளுக்காக விற்கப்பட்டதை மருந்துக்கடை ஆய்வுகள் தனியாகக் காட்டியிருக்கின்றன. எனவே தடைமீறல் நடந்தது உண்மை. எச்சத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் ஈரலைக் கொண்டு பிரிக்க இயலாது. அசெக்லோஃபெனாக்கின் பங்கு எந்த ஆண்டு முதல் கணிசமானது என்பதும் இவ்வெண்களிலிருந்து தெரியவராது. 2011 ஆய்வின் காலத்தில் அது சொற்பமாகவே இருந்திருக்கலாம். பிந்தைய எண்களை அதே கண்ணால் படிப்பதே என் முதன்மையான ஆட்சேபம்.

எருமையிலும் இதே மாற்றம் நிகழ்வது 2022இல் உறுதியானது. 2023 ஜூலை 31இல் அசெக்லோஃபெனாக்குக்கும் மற்றொரு வலிநிவாரணியான கீட்டோபுரோஃபெனுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் இந்தியா தடை விதித்தது. மாட்டின் பிளாஸ்மா விடை சொல்லி ஏழாண்டுகள் கழிந்திருந்தன. பாறு கழுகுகளுக்கு அந்த ஏழாண்டு மிகப் பெரிய தாமதம். எந்தப் புதிய வலிநிவாரணிக்கும் கால்நடை உரிமம் தருமுன், அது அந்த விலங்கின் ரத்தத்தில் என்னவாக மாறுகிறது என்று அளப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.